சாட்சிக் கூண்டில் பைபிள்: ‘இன்ஹெரிட் தி விண்ட்’ திரைப்படமும் டேட்டன் வழக்கும்

1960ஆம் ஆண்டு வெளிவந்த ‘இன்ஹெரிட் தி விண்ட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம், பள்ளியில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர்மீது தொடரப்பட்ட வழக்கைக் கதைப்பொருளாகக் கொண்டது. ஸ்டான்லி கிராமர் தயாரித்து இயக்கிய இக்கறுப்பு வெள்ளைப் படம், நீதிமன்ற நாடகப் படங்கள் எனப்படும் வகையில், அதாவது கதையின் பெரும்பகுதியும் அதன் உச்சமும் விசாரணையைச் சார்ந்தே அமையும் படங்களின் வரிசையில், ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ (1957), ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1962) ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுகிறது. அவ்விரண்டிலும் குற்றம் சாட்டப்பட்டவர் அச்செயலைச் செய்தாரா என்பதே கேள்வியாக இருக்க, இப்படத்திலோ செயல் முதல் காட்சியிலேயே எல்லார் கண்முன்னும் நிகழ்ந்துவிடுகிறது; விசாரணைக்கு உள்ளாவது அச்செயலைக் குற்றமாக்கிய சட்டமும் அச்சட்டத்தைப் பெற்றெடுத்த நம்பிக்கையுமே ஆகும்.

படத்தின் பின்னணியில் இருப்பது 1925ஆம் ஆண்டு ஜூலை மாதம் டென்னசி மாநிலத்து டேட்டன் நகரில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கு. பல தலைமுறை அமெரிக்கர்கள் இவ்வழக்கை வரலாற்று நூல்களின் வழியே அறிந்ததைவிட இப்படத்தின் வழியேயும் இதற்கு மூலமான நாடகத்தின் வழியேயும் அறிந்ததே மிகுதி. ஆகவே படம் வரலாற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற வினா திரைப்பட ஆய்வாளர்களோடு நில்லாமல் வரலாற்றாசிரியர், சட்டவியலார், உயிரியலார், சமயச் சிந்தனையாளர் ஆகிய பலரையும் ஈர்த்துவந்துள்ளது. நாடகமாக்குவோர் உண்மை நிகழ்ச்சியை மாற்றுவது புதிதன்று, அம்மாற்றங்கள் அனைத்தையும் பிழைப்பட்டியலாகத் தொகுப்பதில் பெரிய பயனும் இல்லை. எந்த மாற்றம் எதிர்த்தரப்பின் வாதத்தையே காணாமற்போகச் செய்தது என்று கேட்பதே இங்குப் பயனுள்ள வினாவாகும்.

வழக்கின் பிறப்பிலிருந்து தொடங்குவது முறை. 1925 மார்ச்சு 21 அன்று டென்னசி ஆளுநர் ஆஸ்டின் பே கையெழுத்திட்ட பட்லர் சட்டம், அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில், பைபிள் கூறும் தெய்வப் படைப்பை மறுத்து மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றினான் என்று கற்பிக்கும் எக்கொள்கையையும் தடைசெய்தது. மீறுவோருக்கு 100 முதல் 500 டாலர் வரை அபராதம் விதித்தது. சட்டத்தைக் கொண்டுவந்த ஜான் வாஷிங்டன் பட்லர் ஒரு விவசாயி, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். இச்சட்டத்துக்குப் பின்னால் இருந்தது கிறித்துவ அடிப்படைவாதம் என்று அறியப்பட்ட இயக்கம். 1910க்கும் 1915க்கும் இடையில் ‘தி ஃபண்டமெண்டல்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்த நூல்வரிசை, சமயத்தின் விட்டுக்கொடுக்கக் கூடாத அடிப்படைகள் என்று சிலவற்றை வரையறுத்ததிலிருந்து அவ்வியக்கத்தின் பெயர் பிறந்தது.

நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்டு 1920இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் குடிசார் உரிமைகள் சங்கம், இச்சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் சோதித்துப்பார்க்க முன்வரும் ஆசிரியருக்கு உதவுவதாக 1925 மே மாதத் தொடக்கத்தில் சட்டனூகா நாளிதழில் அறிவித்தது. சட்டம் நிற்குமா விழுமா என்று பார்ப்பதற்காகவே வேண்டுமென்று ஏற்படுத்திக்கொள்ளப்படும் இத்தகைய வழக்கைச் சோதனை வழக்கு என்பர். அறிவிப்பைக் கண்ட டேட்டன் நகரத்துப் பெரிய மனிதர் சிலர் ராபின்சன் என்பவரின் மருந்துக் கடையில் கூடிப் பேசினர். நிலக்கரி, இரும்பு நிறுவனம் ஒன்றின் மேலாளரான ஜார்ஜ் ராப்பலியா முன்னின்று தூண்ட, தொழில் நொடித்துக் கிடந்த தங்கள் சிற்றூருக்கு நாடு முழுவதும் விளம்பரம் கிடைக்கும் என்ற ஆசை மற்றவரையும் பற்றிக்கொண்டது. கால்பந்துப் பயிற்சியாளராகவும் அறிவியல் ஆசிரியராகவும் இருந்த 24 வயது ஜான் ஸ்கோப்ஸ் அழைத்துவரப்பட்டு, குற்றம் சாட்டப்பட்டவராக நிற்கச் சம்மதமா என்று கேட்கப்பட்டார், அவரும் சம்மதித்தார். உயிரியல் ஆசிரியருக்கு மாற்றாகச் சில நாள் வகுப்பெடுத்த அவர், பரிணாமப் பாடத்தை உண்மையிலேயே நடத்தினாரா என்பதே ஐயத்துக்குரியது. அவர் சாட்சிக் கூண்டில் ஏறவேயில்லை.

படம் காட்டும் தொடக்கம் இதற்கு முற்றிலும் வேறானது. ஹில்ஸ்பரோ என்ற கற்பனை ஊரில், காலை வேளையில் ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தெருவில் சேர்ந்துகொண்டு இறுகிய முகத்தோடு பள்ளியை நோக்கி நடக்க, பின்னணியில் லெஸ்லி அகம்ஸின் குரலில் பழைய பக்திப் பாடல் ஒலிக்கிறது. வகுப்பறையிலேயே ஆசிரியர் பெர்ட்ரம் கேட்ஸ் கைதுசெய்யப்படுகிறார். பின்னர் அவர் சிறையில் அடைபடுகிறார், அவரது உருவபொம்மை கொளுத்தப்படுகிறது, சிறைச் சன்னலுக்குள் பொருள்கள் வீசப்படுகின்றன. ஸ்கோப்ஸ் ஒரு நாளும் சிறையில் இருந்ததில்லை. வழக்கு நடந்த நாள்களில் அவர் ஊரில் இயல்பாகவே நடமாடினார். மருந்துக் கடைச் சதியாலோசனையில் இருந்த வேடிக்கையும் வியாபாரக் கணக்கும் நீங்கி, அவ்விடத்தில் வெறிபிடித்த கூட்டமொன்று வந்து நிற்கிறது. ஊரே தனக்கு வரவழைத்துக்கொண்ட வழக்கு, ஊர் ஒரு தனிமனிதன்மேல் ஏவிய வழக்காகிவிட்டது.

இம்மாற்றத்தின் காரணத்தை 1925இல் தேடாமல் 1950களில் தேட வேண்டும். ஜெரோம் லாரன்ஸ், ராபர்ட் ஈ. லீ இருவரும் சேர்ந்து எழுதிய நாடகம் 1955 ஜனவரியில் டல்லஸ் நகரிலும் அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் பிராட்வேயிலும் அரங்கேறி, பிராட்வேயில் 806 முறை நடிக்கப்பட்டது. நாடகம் வரலாறு அன்று என்று அதன் ஆசிரியர்களே முன்னுரையில் அறிவித்தனர். பாத்திரங்களின் பெயர்களையும் மாற்றினர். கம்யூனிஸ்டுகள் என்ற ஐயத்தின்பேரில் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் கலைஞர்களும் நாடாளுமன்றக் குழுக்களின் முன் நிறுத்தப்பட்டு, நண்பர்களைக் காட்டிக்கொடுக்கும்படி நெருக்கப்பட்ட மெக்கார்த்தி காலத்தில், சிந்திக்கும் உரிமையைப் பற்றி நேரடியாகப் பேச இயலாத நிலையில், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வழக்கு அவர்களுக்கு மறைப்பாகப் பயன்பட்டது. ஆகவே ஹில்ஸ்பரோவின் கூட்டம் டேட்டன் விவசாயிகளின் சாயலைவிட 1950களின் விசாரணைக் குழுக்களின் சாயலையே அதிகம் கொண்டிருப்பதில் வியப்பில்லை.

படம் தயாரானபோது இம்மறைப்பு நிழலாக இல்லாமல் நடப்பாகவே ஆனது. ஹாரல்ட் ஜேக்கப் ஸ்மித்துடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய நெட்ரிக் யங், விசாரணைக் குழுவுக்கு ஒத்துழைக்க மறுத்ததால் கருப்புப்பட்டியலில், அதாவது ஹாலிவுட் நிறுவனங்கள் வேலை தரக்கூடாது என்று தமக்குள் வைத்துக்கொண்ட பெயர்ப்பட்டியலில், சேர்க்கப்பட்டிருந்தவர். நேதன் ஈ. டக்ளஸ் என்ற புனைபெயரில் அவர் எழுதிய ‘தி டிஃபயன்ட் ஒன்ஸ்’ (1958) ஆஸ்கர் விருது பெற்றது. இப்படத்திலும் அப்பெயரே இடம்பெற்றது. யங்கை வேலைக்கு வைத்ததற்காக முன்னாள் படைவீரர் அமைப்பான அமெரிக்கன் லீஜன் கிராமரைக் கண்டிக்க, அவர் பொதுவெளியிலேயே தம் முடிவுக்காக வாதாடினார். கருத்துக்காக ஒருவரைத் தண்டிப்பது பற்றிய கதையை, கருத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் வேறொரு பெயரில் ஒளிந்து எழுத வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், படத்தின் வாதம் ஏன் அவ்வளவு சூடாக இருக்கிறது என்பது விளங்கும். அச்சூட்டை வரலாற்றுத் திரிபு என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகும் விமர்சகர்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

ஆனால் அந்தச் சூட்டுக்கு ஒரு விலையும் உண்டு. அவ்விலையைக் கொடுத்தவர், டேட்டனில் அரசுத் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். 1896, 1900, 1908 ஆகிய மூன்று தேர்தல்களில் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்று தோற்றவரும், உட்ரோ வில்சன் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சராக இருந்து, அமெரிக்கா போரை நோக்கிச் செல்கிறது என்று அஞ்சி 1915இல் பதவி விலகியவருமான பிரையன், தம் காலத்தில் சீர்திருத்தவாதிகளின் தலைவராக விளங்கியவர். வருமான வரி, பெண்களுக்கு வாக்குரிமை, செனட் உறுப்பினரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தல் ஆகியவற்றுக்காகப் போராடியவர். அவர் பரிணாமக் கொள்கையை எதிர்த்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. வலியது மெலியதை அழிப்பதே இயற்கை விதி என்ற எண்ணம் ஜெர்மானிய இராணுவ வெறிக்கும் முதலாளிகளின் கொடுமைக்கும் நியாயம் கற்பித்துவிட்டது என்று அவர் முதல் உலகப் போரைப் பார்த்து நம்பியது ஒன்று. பள்ளிக்குப் பணம் தருவது மக்கள் என்றால், அங்கே என்ன கற்பிக்கலாம் என்று முடிவுசெய்யும் உரிமையும் மக்களுக்கே உண்டு, ஒரு சில அறிஞர்களுக்கு அன்று, என்ற அவரது குடியாட்சி வாதம் மற்றொன்று. முதல் காரணத்தில் அவர் அறிவியல் கொள்கையையும் அதன் தவறான பயன்பாட்டையும் குழப்பிக்கொண்டார் என்பது உண்மையே. இரண்டாவது வாதமோ எளிதில் தள்ளிவிடக் கூடியது அன்று.

படத்தில் பிரையனின் இடத்தில் வரும், ஃபிரெடரிக் மார்ச் நடித்த மேத்யூ ஹாரிசன் பிராடியிடம் இவ்விரண்டு காரணங்களும் இல்லை. அவர் பெருந்தீனிக்காரர், மேடை முழக்கத்தில் தம்மையே மறப்பவர், பழைய புகழின் எச்சத்தில் வாழ்பவர், அறிவியலை அஞ்சுவதற்குப் பைபிளின் சொல்லுக்குச் சொல்லான பொருளைத் தவிர வேறு காரணம் அறியாதவர். ஸ்கோப்ஸுக்கு அபராதம் விதிக்கப்பட்டால் அதைத் தாமே செலுத்துவதாகச் சொன்னவரும், சட்டத்தில் தண்டனைப் பிரிவே வேண்டாம் என்று டென்னசி சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு முன்பே அறிவுரை கூறியவருமான பிரையனுக்கு மாறாக, பிராடி 100 டாலர் அபராதம் மிகக் குறைவு என்று நீதிமன்றத்தில் கொதிக்கிறார். தீர்ப்புக்குப் பின் கூச்சலுக்கிடையே உரையாற்ற முயன்று அங்கேயே சாய்ந்து இறக்கிறார். பிரையன் இறந்தது தீர்ப்புக்கு ஐந்து நாள் கழித்து, ஜூலை 26 ஞாயிறன்று, டேட்டனில் உறக்கத்தில். இடைப்பட்ட நாள்களில் அவர் உரையாற்றிக்கொண்டும் தம் உரையை அச்சுக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தார்.

படத்தின் உயிரான காட்சி, பிரதிவாதித் தரப்பு வழக்கறிஞர் ஹென்றி டிரம்மண்ட் எதிர்த்தரப்பு வழக்கறிஞரான பிராடியையே பைபிள் வல்லுநராகச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கும் காட்சியாகும். நம்பக் கடினமான இந்நிகழ்ச்சி உண்மையில் நடந்தது. ஜூலை 20 அன்று, வெக்கை தாளாமலும் கூட்டத்தின் பாரத்தால் தளம் இடிந்துவிடுமோ என்ற அச்சத்தாலும் நீதிபதி ஜான் ரால்ஸ்டன் விசாரணையை நீதிமன்ற வளாகத்துப் புல்வெளிக்கு மாற்றியிருந்தார். அங்கே ஸ்கோப்ஸின் வழக்கறிஞரான கிளாரன்ஸ் டாரோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிரையனைக் கேள்விகளால் துளைத்தார். யோனாவை விழுங்கிய மீன், யோசுவாவின் கட்டளைக்கு நின்ற சூரியன், காயீனின் மனைவி எங்கிருந்து வந்தாள் என்ற கேள்வி, ஆதியாகமத்தின் ஆறு நாள்கள் என உரையாடலின் சட்டகம் படத்திலும் அப்படியே உள்ளது. பின்னாளில் தம்முறைக்கு டாரோவைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம் என்ற எதிர்பார்ப்போடுதான் பிரையன் இதற்கு இசைந்தார். ஆனால் மறுநாள் நீதிபதி அந்தச் சாட்சியத்தையே பதிவிலிருந்து நீக்கிவிட, அவ்வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. இப்பகுதி முழுவதும் ஜூரி வெளியே அனுப்பப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாட்டு மக்கள் செய்தித்தாளில் படித்த இவ்விவாதத்தைத் தீர்ப்பளிக்க வேண்டிய பன்னிருவர் கேட்கவே இல்லை.

படம் இக்காட்சியில் செய்துள்ள நுட்பமான மாற்றம் ஒன்று உண்டு. படைப்பின் முதல் நாள் இருபத்து நான்கு மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்று பிராடியை ஒப்புக்கொள்ள வைப்பதே திரைக்கதையில் டிரம்மண்டின் வெற்றிக்கணம். கோட்டைச் சுவரில் விழுந்த முதல் விரிசலாக அது காட்டப்பட, அதன்பின் பிராடி தடுமாறி, பைபிளின் ஆகமங்களின் பெயர்களைப் பிதற்றும் நிலைக்கு வீழ்கிறார். உண்மையில் பிரையன் இதைத் தயக்கமின்றிக் கூறினார். படைப்பின் ஒவ்வொரு நாளும் நீண்டதொரு யுகமாக இருக்கலாம் என்ற விளக்கம் அக்காலத்து அடிப்படைவாதிகள் பலரும் ஏற்றுக்கொண்டிருந்ததே. பிரையன் அன்று நன்றாகப் பதில் சொல்லவில்லை என்பதும், பல கேள்விகளுக்கு நான் அதை யோசித்ததில்லை என்ற பாணியில் விடையளித்துச் சிரிப்புக்கு இடம் தந்தார் என்பதும் மறுக்க முடியாதவை. அறுபத்தைந்து வயதில் அவர் பட்ட அவமானம் மெய்யானது. ஆனால் அவரை வீழ்த்தியதாகப் படம் சுட்டும் அம்பு அவர்மேல் படவே இல்லை.

படம் விட்டுவிட்ட இன்னொரு பொருள் பாடநூல். ஸ்கோப்ஸ் பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்டது ஜார்ஜ் வில்லியம் ஹன்டர் எழுதி 1914இல் வெளிவந்த ‘எ சிவிக் பயாலஜி’. அது டென்னசி அரசே பள்ளிகளுக்கு அங்கீகரித்திருந்த நூல் என்பதும், வழக்கு உருவான அதே மருந்துக் கடையில் விற்கப்பட்டது என்பதும் இவ்வழக்கின் வேடிக்கைகளில் அடங்கும்; ஒரு கையால் அங்கீகரித்து மறு கையால் தடைசெய்த அரசின் முன்யோசனை வியக்கத்தக்கது. அந்நூல் பரிணாமத்தைச் சில பக்கங்களில் கூறியதோடு நில்லாமல், மனித இனங்களை ஐந்தாகப் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைத்தது; இனமேம்பாட்டியல் என்று வழங்கிய கருத்தையும், அதாவது ‘தகுதியற்றோர்’ பிள்ளை பெறுவதைத் தடுத்து மனித இனத்தை உயர்த்தலாம் என்ற கருத்தையும், பரிந்துரைத்தது. அது வெறும் ஏட்டுக் கருத்தாக நின்றுவிடவில்லை. மனவளர்ச்சி குன்றியவர் என்று கருதப்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் வர்ஜீனியா மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் ஒரே ஒரு நீதிபதியின் எதிர்ப்போடு ஏற்றுக்கொண்டது.

இதைக் கொண்டு பிரையன் பக்கம் நியாயம் முழுவதும் சாய்ந்துவிட்டதாகக் கொள்வதும் பொருந்தாது. டேட்டனில் அவர் அந்நூலை எடுத்துக் காட்டியது இனமேம்பாட்டுப் பகுதியைக் கண்டிக்க அன்று. விலங்கினங்களைக் குறிக்கும் படமொன்றில் மனிதனைத் தனியே பிரிக்காமல் பாலூட்டிகளின் வட்டத்துக்குள் அடைத்துவிட்டார்களே என்று குறைகூறத்தான். மறுபுறம், இனமேம்பாட்டியலைக் கடுமையாகத் தாக்கி 1926இல் கட்டுரை எழுதியவர் டாரோவே. அது வெளிவந்தது ஹெச். எல். மென்கன் நடத்திய ‘அமெரிக்கன் மெர்குரி’ இதழில். யார் எப்பக்கம் என்று கோடு கிழிப்பது அக்காலத்தில் படம் காட்டும் அளவுக்கு எளிதாக இருந்ததில்லை.

மூன்றாவதாகக் காணாமற்போனவர்கள், இரு தரப்புக்கும் இடையில் நின்றவர்கள். டேட்டனில் பிரதிவாதித் தரப்பின் முறையான வாதம், பைபிளும் பரிணாமமும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை என்பதே. அதற்காகப் பல அறிஞர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களுள் ஜூரி இல்லாத நேரத்தில் சாட்சியம் சொல்ல முடிந்தது விலங்கியலார் மேனார்ட் மெட்காஃப் ஒருவர் மட்டுமே, அவரும் திருச்சபை உறுப்பினர். மற்றவர்களின் சாட்சியம் வழக்குக்குப் பொருந்தாதது என்று நீதிபதி தடுத்துவிட, அவர்களது கூற்றுகள் எழுத்தில் மட்டும் பதிவாயின. கத்தோலிக்கரான வழக்கறிஞர் டட்லி ஃபீல்டு மலோன், அறிவியல் சாட்சிகளை அனுமதிக்கும்படி வேண்டி ஜூலை 16 அன்று ஆற்றிய உரைக்கு, சற்று முன் பேசி முடித்த பிரையனுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைத்தட்டல் எழுந்தது. கைதட்டியோரில் டேட்டன் மக்களும் இருந்தனர். தங்கள் தலைவரின் எதிரிக்கு ஆரவாரம் செய்யும் அளவுக்கு நயமறிந்த அக்கூட்டத்துக்கு ஹில்ஸ்பரோவில் இடமில்லை. அங்கே சமயத்தின் குரலாக எஞ்சியிருப்பவர், சொந்த மகளையே சபிக்கும் போதகர் ஜெரமையா பிரவுன். மகள் ரேச்சல், ஆசிரியரின் காதலி, முழுக் கற்பனைப் பாத்திரம்; தந்தைக்கும் காதலனுக்கும் இடையே அவளை இழுத்துக்கட்டும் காட்சிகளே படத்தின் பலவீனமான பகுதிகள்.

எனினும் பிரார்த்தனைக் கூட்டக் காட்சியில் ஒரு நல்ல திருப்பம் உள்ளது. போதகர் மகளைச் சபிக்கும்போது எழுந்து தடுப்பவர் பிராடி. வீட்டைத் தானே கலைப்பவனுக்கு எஞ்சுவது என்ன என்று கூறும் நீதிமொழிகள் பதினோராம் அதிகாரத்து வசனத்தை அவரே நினைவூட்டுகிறார். படத்தின் தலைப்பு அவ்வசனத்திலிருந்து எடுக்கப்பட்டது. எழுத்தில் கோமாளியாக்கப்பட்ட மனிதரிடம் ஒரு பெருந்தன்மை மிஞ்சியிருப்பதை அங்கே காண்கிறோம். மார்ச்சின் நடிப்பும் அதையே செய்கிறது. ஒட்டவைத்த வழுக்கைத் தலை, விசிறி, விரிந்த வயிறு ஆகிய புறத்தோற்றங்களில் மிகை உண்டு. ஆனால் கேலிக்கு ஆளானபின் மனைவியிடம் ஆறுதல் தேடும் காட்சியில் அம்மிகை முழுவதும் கழன்று விழுகிறது. அம்மனைவியாக நடித்த ஃபுளோரன்ஸ் எல்ட்ரிட்ஜ் அவரது வாழ்க்கைத் துணையே. பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி விருது மார்ச்சுக்குக் கிடைத்தது பொருத்தமே.

டிரம்மண்டாக வரும் ஸ்பென்சர் ட்ரேசி எதிர்முறையில் நடிக்கிறார். சத்தமின்றி, களைத்த தோரணையில், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே காத்திருந்து, அடுத்தவர் முகத்தைப் பார்த்தபடி அவர் பேசுவதால் நீண்ட வாதங்களும் அப்போதுதான் தோன்றிய எண்ணங்கள் போல் ஒலிக்கின்றன. எர்னஸ்ட் லாஸ்லோவின் ஒளிப்பதிவு, பேசுபவரின் பின்னால் வியர்த்து விசிறிக்கொண்டிருக்கும் பார்வையாளரின் முகங்களையும் சேர்த்தே காட்டுவது, வாதம் யாரை நோக்கியது என்பதை மறக்கவிடுவதில்லை. இருவரும் இரவில் வராந்தாவில் ஆடும் நாற்காலிகளில் அமர்ந்து பழைய நட்பைப் பேசும் காட்சி, வெக்கையும் வெறுப்பும் நிறைந்த படத்தில் சற்றே மூச்சுவிட இடம் தருகிறது. டாரோ ஒரு காலத்தில் பிரையனுக்காகத் தேர்தல் பணி செய்தவர் என்ற உண்மை அதற்கு அடிப்படை. ட்ரேசி, மார்ச் இருவருமே முன்பு வெவ்வேறு படங்களில் டாக்டர் ஜெக்கிலாகவும் மிஸ்டர் ஹைடாகவும் நடித்தவர்கள் என்பது தற்செயலானது என்றாலும், ஒரே மனிதரின் இரு பாதிகள் மோதுவது போன்ற உணர்வை இக்காட்சி தருவதை நோக்க, நினைவுகூரத் தக்கது.

ஜீன் கெல்லி நடனமின்றி நடித்திருக்கும் பத்திரிகையாளர் ஹார்ன்பெக், டேட்டன் வழக்கைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதிய மென்கனின் சாயல். நம்பிக்கை கொண்டோர் எல்லாரையும் எள்ளும் இப்பாத்திரத்தை டிரம்மண்ட் இறுதியில் கடிந்து ஒதுக்குகிறார். பின்பு பைபிளையும் டார்வினின் நூலையும் இரு கைகளிலும் எடைபார்ப்பவர்போல் ஏந்தி, இரண்டையும் சேர்த்து அணைத்துக்கொண்டு வெளியேறுகிறார். கடவுள் உண்டா இல்லையா என்பது அறியக் கூடியது அன்று என்னும் அறியொணாவாதத்தை வெளிப்படையாகப் பேசிவந்த டாரோ இப்படிச் செய்திருக்கமாட்டார். படம் தொண்ணூறு விழுக்காடு நேரம் கேலிசெய்த சமயத்தோடு கடைசி நிமிடத்தில் கைகுலுக்குகிறது. சமரசத்துக்கு உரிய வாதத்தை டேட்டனின் மலோனும் மெட்காஃபும் முன்வைத்திருக்க, அவர்களை நீக்கிவிட்டு அதன் முடிவை மட்டும் வைத்துக்கொண்டது விந்தையான கணக்கு. மென்கனைப் பற்றிய இன்னொரு செய்தியும் உண்டு: அவர் டாரோவும் பிரையனும் மோதிய நாளுக்கு முன்பே டேட்டனை விட்டுப் போய்விட்டார். தம் கேலியால் வழக்கின் நினைவையே வடிவமைத்த எழுத்தாளர் அதன் மிகப் பெரிய காட்சியைக் காணவில்லை.

படம் நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றும் ஒன்றையும் வெல்லவில்லை, வசூலிலும் தோற்றது. ஆனால் 1965, 1988, 1999 ஆகிய ஆண்டுகளில் தொலைக்காட்சிக்காக மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டதும், பள்ளிகளில் திரையிடப்பட்டதும் இக்கதையை நிலைநிறுத்தின. அதனாலேயே இதன்மீதான விமர்சனமும் வளர்ந்தது. உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டு, பிரையன் அறிவியலைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் அதன் சமூகத் தீய பயன்பாட்டைச் சரியாகவே கண்டார் என்று எழுதினார். எட்வர்டு லார்சன் 1997இல் வெளியிட்டு, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற ‘சம்மர் ஃபார் தி காட்ஸ்’ என்னும் நூல் வழக்கையும் அதைச் சுற்றி வளர்ந்த கதையையும் பிரித்துக் காட்டியது. பிரையன் தோற்று ஒழிந்தார் என்ற எண்ணம் 1931இல் ஃபிரெடரிக் லூயிஸ் ஆலன் எழுதிய நூலிலேயே உருப்பெறத் தொடங்கியது என்பதை அது விளக்குகிறது. பரிணாமத்தை எதிர்க்கும் சட்டப் பேராசிரியர் பிலிப் ஜான்சன், தம் தரப்பினர் வாய் திறக்கும்முன்பே பிராடியின் முகமூடி அவர்கள்மேல் மாட்டப்பட்டுவிடுகிறது என்று குறைபட்டார். அவரது உயிரியல் ஏற்கத் தக்கதன்று. ஆனால் இக்குறை பொய்யன்று.

படம் தரும் தோற்றத்துக்கு மாறாக டேட்டனில் வென்றது சட்டமே. மேல்முறையீட்டுக்கு வழி வேண்டி, குற்றவாளி என்றே தீர்ப்பளிக்கும்படி டாரோ ஜூரியைக் கேட்டுக்கொள்ள, அவர்கள் ஒன்பது நிமிடங்களில் அவ்வாறே செய்தனர்; இறுதி வாதத்தை டாரோ கைவிட்டதால் பிரையன் தயாரித்துவைத்திருந்த பேருரையும் நிகழாமல் போனது. 1927இல் டென்னசி உச்ச நீதிமன்றம் தண்டனையை மட்டும் தள்ளுபடி செய்தது. 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை நீதிபதி விதிக்க முடியாது, ஜூரிதான் விதிக்க வேண்டும் என்பது காரணம். சட்டம் செல்லும் என்றது. அது நீக்கப்பட்டது 1967இல்தான். இடைப்பட்ட காலத்தில் பதிப்பகங்கள் பாடநூல்களில் பரிணாமத்தைச் சத்தமின்றிக் குறைத்துக்கொண்டன. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின் அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோம் என்ற பதற்றமே அதைத் திரும்பக் கொண்டுவந்தது. படம் வெளிவந்த மறு ஆண்டே, உலகம் சில ஆயிரம் ஆண்டுகள் மட்டுமே பழமையானது என்று வாதிட்ட ‘தி ஜெனிசிஸ் ஃபிளட்’ வெளியாகி, பிரையனே ஏற்காத அளவுக்குக் கடுமையான படைப்புவாதத்துக்கு வித்திட்டது.

1968இல் ஆர்கன்சாஸ் ஆசிரியை சூசன் எப்பர்சன் வழக்கிலும், 1987இல் லூசியானா மாநிலச் சட்டம் பற்றிய வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்களைச் செல்லாதவை என்றது. அவ்வாறு சொன்னதற்குக் காரணம், பரிணாமம் மெய் என்பது அன்று. அரசு எச்சமயத்தையும் நிறுவவோ ஆதரிக்கவோ கூடாது என்ற அரசமைப்பின் முதல் திருத்தம். அதாவது, மக்களின் பெரும்பான்மை பள்ளியில் எதையும் முடிவுசெய்யலாமா என்ற பிரையனின் கேள்வியை எடுத்துக்கொண்டு, பெரும்பான்மைக்கும் எல்லை உண்டு என்று நீதிமன்றம் விடை கூறியது. ஆர்கன்சாஸ் சட்டம் 1928இல் பொதுமக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது என்பதை எண்ணினால் அக்கேள்வியின் கூர்மை தெரியும். படத்தில் டிரம்மண்ட் வாதாடுவது தனிமனிதனின் சிந்திக்கும் உரிமைக்காக. அதை யாரும் மறுக்க முடியாது, பிராடியாலும் நேர்மையாக மறுக்க முடியவில்லை. அரசு ஊதியம் பெறும் ஆசிரியர் வகுப்பில் எதைச் சொல்லலாம், அதை யார் வகுப்பது என்ற கடினமான கேள்வி ஹில்ஸ்பரோவில் எழவே இல்லை.

பென்சில்வேனியா மாநிலத்து டோவர் நகரில் 2005 செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் 4 வரை நடந்த வழக்கில், உயிரினங்கள் ஓர் அறிவுள்ள படைப்பாளியால் வடிவமைக்கப்பட்டவை என்ற கருத்தைப் பள்ளி வாரியம் உயிரியல் மாணவருக்கு அறிவிக்கச் சொன்னது செல்லுமா என்று ஆராயப்பட்டது. ரால்ஸ்டன் 1925இல் வாயடைத்த சாட்சிகளின் வழித்தோன்றல்கள், அதாவது உயிரியலாரும் தத்துவ அறிஞரும் இறையியல் அறிஞரும், இம்முறை நாள்கணக்கில் கூண்டில் நின்று பேசினர். ஜூரி இல்லை, பெரும் பேச்சாளர் இல்லை, கூண்டில் ஏறிய வழக்கறிஞரும் இல்லை. நீதிபதி ஜான் ஜோன்ஸ் டிசம்பர் 20 அன்று வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். அதற்கு ஆறு வாரம் முன்னதாக, நவம்பர் 8 அன்று நடந்த உள்ளூர்த் தேர்தலில், அக்கொள்கையை ஆதரித்து மீண்டும் போட்டியிட்ட வாரிய உறுப்பினர் எட்டுப் பேரையும் டோவர் வாக்காளர்கள் தோற்கடித்திருந்தனர். பள்ளிக்கு வரி கொடுப்போரே பாடத்தை முடிவுசெய்யட்டும் என்று பிரையன் யாரை நம்பினாரோ, அவர்கள் நீதிபதிக்கு முன்பே முடிவுசெய்துவிட்டனர்.